பார்வைக்குச் சரியான பக்கத்தில் ஒளிந்திருக்கும் எச்டிஎம்எல் டேக் பிழைகள்: அறிகுறி வாரியாக நீக்கும் முறை

எச்டிஎம்எல் என்பது இணையப் பக்கங்களை எழுதும் மொழி; பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் சுற்றி அதில் இடும் குறிகளே டேக்குகள். அவற்றில் ஒரு வகை, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்கிறது: இது தலைப்பு, இது பட்டியல், இது பொத்தான். மற்றொரு வகை, அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது: தடித்த எழுத்து, நடுவில் நிறுத்தல், சிவப்பு நிறம். முதல் வகையைப் பொருள் டேக் என்றும் இரண்டாவதைத் தோற்ற டேக் என்றும் இங்கே அழைக்கிறேன். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட்டால் உண்டாகும் பிழை, போட்டவரின் திரையில் தெரியவே தெரியாது. புகார் வேறொருவரிடமிருந்து, டேக்குக்குச் சம்பந்தமே இல்லாதது போன்ற வடிவில் வந்து சேரும். ஆகவே புகார்கள் வரும் வடிவத்திலேயே பிழைகளைக் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஆல்ட் விசையை அழுத்தி, மேலே வரும் பட்டியில் வியூ, பேஜ் ஸ்டைல், நோ ஸ்டைல் என்று தேர்ந்தெடுத்தால், தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் முழுவதும் கழன்று பக்கத்தின் எலும்புக்கூடு மட்டும் நிற்கும். அந்த நிலையிலும் தலைப்புகள் தலைப்புகளாகவும், பட்டியல்கள் புள்ளிகளோடும், பொத்தான்கள் அழுத்தக்கூடியவையாகவும் இருந்தால் சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு எழுத்தாகத் தட்டையாகிவிட்டால் சிக்கல் இங்கேதான்.

குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதினால் 'பி' என்றே ஒலிக்கும் டேக்குகள் இரண்டு உள்ளன. இக்கட்டுரையில் 'பி டேக்' என்பது தடித்த எழுத்துக்கானது. மற்றதைப் பத்தி டேக் என்றே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: தலைப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, திரை வாசிப்பானுக்குத் தெரியவில்லை

பார்வையற்ற பயனர் ஒரு நீண்ட பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானில் எச் விசையை அழுத்தி, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார். 2 என்ற எண்ணை அழுத்தி, இரண்டாம் நிலைத் தலைப்புகளை மட்டும் தொட்டுச் செல்கிறார். பார்வையுள்ளவர்கள் செய்தித்தாளைக் கண்ணால் மேய்வதற்கு நிகரான வேலை அது. ஓர் அமைப்பின் தளத்தைச் சீரமைக்க எடுத்துக்கொண்டபோது, 14 துணைத்தலைப்புகள் கொண்ட விதிமுறைப் பக்கத்தைத் திறந்து எச் விசையை அழுத்திப் பார்த்தேன். அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதினான்கும் பத்தி டேக்குக்குள் ஒரு பி டேக், அதற்குள் எழுத்தளவைக் கூட்டும் ஒரு ஸ்பான் டேக் என்ற கணக்கில் கட்டப்பட்டிருந்தன.

இதைக் கண்டறிய, விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை நிறுவி, இன்சர்ட் விசையோடு எஃப்7 விசையை அழுத்துங்கள். அப்போது திறக்கும் பெட்டியில் தலைப்புகள் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் வரும் பட்டியல்தான் உங்கள் பக்கத்தின் உண்மையான பொருளடக்கம். கண்ணுக்குத் தெரியும் தலைப்புகளையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எவை விடுபட்டிருக்கின்றன என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விடுபட்டவற்றில் பி டேக்கையும் ஸ்பானையும் களைந்து, எச்2, எச்3 என்று உரிய நிலையிலான டேக்கைப் போட வேண்டும்.

இது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த மாதமே திரும்ப வரும். ஆவணத்தைத் தட்டச்சு செய்தவர் வேர்டில் தலைப்புக்கான பாணியைப் பயன்படுத்தாமல், வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 18 ஆக்கித் தடித்த எழுத்துக்கும் மாற்றியிருப்பார். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது அந்தத் தோற்றமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, தலைப்புகளைத் தொகுப்பானிலேயே குறிக்கச் சொல்லிக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

சரிசெய்த பிறகு இரண்டு புதிய புகார்கள் வரக்கூடும். ஒன்று, எச்2 மிகப் பெரிதாகத் தெரிகிறது என்று யாரோ அதை எச்4 ஆக்கிவிடுவார். எண் சொல்வது எழுத்தின் அளவை அன்று, அத்தலைப்பு எதன் கீழ் அடங்குகிறது என்பதை; அளவை சிஎஸ்எஸ்ஸில் குறைக்க வேண்டும். மற்றொன்று இதற்கு நேர்மாறானது: எச்2 போட்டும் எழுத்து சாதாரணமாகவே இருக்கிறது, டேக் வேலை செய்யவில்லை என்பார்கள். டெயில்விண்ட் போன்ற சிஎஸ்எஸ் தொகுப்புகள், உலாவி தானாகத் தரும் தலைப்பு அளவுகளைத் தொடக்கத்திலேயே அழித்துவிடுவதால் இப்படி ஆகிறது. டேக் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. தோற்றத்தை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

செக்‌ஷன் டேக்குக்குள் எச்1 போட்டால் உலாவியே நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கீட்டை எந்த உலாவியும் முறையாகச் செயல்படுத்தவில்லை. 2022-இல் அது தரத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. நிலைகளை நீங்களே எண்ணி எழுதுங்கள்.

அறிகுறி: சுட்டிக்கு வேலை செய்யும் பொத்தான் விசைப்பலகைக்கு மசியவில்லை

டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால், அந்தப் பொத்தானைத் தொடாமல் அடுத்ததற்குத் தாவுகிறது. மூலநிரலைப் பார்த்தால் அங்கே பொத்தானே இருக்காது. பொத்தான் போல வண்ணமடித்த ஒரு டிவ் டேக், அதாவது தனக்கென்று பொருள் இல்லாத வெறும் பெட்டி, இருக்கும்.

இங்கே பலரும் செய்வது, டிவ்வை விட்டுவைத்துக்கொண்டே ஒட்டுப்போடுவது. முதலில், டேப் விசை அங்கே வந்து நிற்கச் செய்யும் டேப்இன்டெக்ஸ் பண்பைச் சேர்ப்பார்கள். குவியம் (விசைப்பலகை இப்போது எதன் மேல் நிற்கிறது என்பது) வந்து நிற்கும், ஆனால் என்டர் விசைக்கு அசையாது. என்டருக்கு ஒரு நிரல் எழுதுவார்கள். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் பக்கம் கீழே உருளும். அதையும் தடுத்தால், திரை வாசிப்பான் இன்னும் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. இது இன்னது என்று அதற்குச் சொல்லும் ரோல் பண்பு தேவைப்படும். கடைசியில், படிவம் நிறைவடையாதபோது செயலிழக்கச் செய்யும் டிஸேபிள்டு பண்பு டிவ்வில் பலிக்காது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்வது போன்ற கதைதான். பட்டன் டேக்கைப் போட்டால் இவை அனைத்தும் ஒரு வரி நிரலும் எழுதாமல் கிடைக்கும்.

டிவ்வை பட்டனாக மாற்றியதும் பக்கம் தானாக மீண்டும் ஏறுகிறது, நிரப்பிய விவரங்கள் காணாமல் போகின்றன என்றால் பதறி மீண்டும் டிவ்வுக்கே போய்விட வேண்டாம். படிவத்துக்குள் இருக்கும் பட்டன் டேக், வகை குறிப்பிடப்படாதபோது, படிவத்தை அனுப்பும் பொத்தானாகவே நடந்துகொள்ளும். டைப் பண்பில் 'பட்டன்' என்று எழுதினால் நின்றுவிடும். உலாவி தரும் சாம்பல் நிறத்தையும் விளிம்பையும் சிஎஸ்எஸ்ஸில் நீக்கும்போது, குவியத்தைக் காட்டும் வெளிக்கோட்டையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். விசைப்பலகையில் வருபவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடு ஒன்றே.

இணைப்பா, பொத்தானா என்ற ஐயம் வந்தால், அதைப் புதிய தாவலில் திறப்பதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அர்த்தம் இருந்தால் ஏ டேக், இல்லாவிட்டால் பட்டன்.

அறிகுறி: தமிழ் எழுத்து சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்கிறது, அல்லது தடித்து மசிகிறது

சாய்வெழுத்து லத்தீன் அச்சுக்கலையில் வளர்ந்த வழக்கம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று வரையப்பட்ட வடிவம் இல்லை. எம் அல்லது ஐ டேக்கைக் கண்டதும் உலாவி, நேரான எழுத்தையே வலப்பக்கம் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது. கொம்பும் சுழியும் அடுத்த எழுத்தின் மேல் விழுகின்றன. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றாலும் இதே கதைதான்: உலாவி கோட்டைத் தானாகத் தடிமனாக்குகிறது, 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் உட்சுழி அடைத்துக்கொள்கிறது.

தோற்றத்தை மட்டும் திருத்துவது எளிது. மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் தமிழுக்குரிய 'டிஏ' என்ற குறியீடு இருக்கும் இடங்களில், இந்த டேக்குகளின் சாய்வை சிஎஸ்எஸ்ஸில் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, வேண்டுமானால் வேறு நிறமோ, உண்மையான தடித்த எழுத்துருவோ கொடுக்கலாம். ஃபான்ட்-சிந்தசிஸ் என்ற பண்பில் 'நன்' என்று எழுதினால் உலாவி போலி வடிவங்களை உருவாக்குவது நிற்கும். ஆனால் அதற்கு முன், அங்கே எந்த டேக் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தாக வேண்டும். தேடி மாற்றும் கருவியை எடுத்து எல்லா பி டேக்கையும் ஸ்ட்ராங் ஆக்குவதும், எல்லா ஐ டேக்கையும் எம் ஆக்குவதும் திருத்தமாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு முழுத் தளத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளின் பெயரும் ஒரே இரவில் 'மிக முக்கியம்' ஆனது.

1999 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.01 தரம், ஃபான்ட், சென்டர் ஆகிய டேக்குகளைக் கைவிடத்தக்கவை என்று ஒதுக்கியபோதும் பி, ஐ இரண்டையும் ஒதுக்கவில்லை. 2014-இல் பரிந்துரையான எச்டிஎம்எல்5 அவற்றுக்குப் பொருளே கொடுத்துவிட்டது. அதன்படி ஸ்ட்ராங் என்பது முக்கியத்துவம், அவசரம்: 'மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்' என்ற வரி அதற்குரியது. பி என்பது முக்கியத்துவம் எதையும் ஏற்றாமல் கண்ணை மட்டும் ஈர்ப்பது: மதிப்புரையில் வரும் பொருளின் பெயர், பாடத்தில் வரும் கலைச்சொல். ஐ என்பது வேறொரு தொனி அல்லது வேற்றுமொழித் தொடர். நூலின், திரைப்படத்தின் பெயருக்கு சைட் டேக் உண்டு. இப்போதைய தரத்தின்படி, எழுதியவர் பெயருக்கு அது பொருந்தாது.

எம் என்பது பேச்சில் ஒரு சொல்லின் மேல் விழும் அழுத்தம். என் அனுபவத்தில் தமிழ் எழுத்துக்கு இந்த டேக் அபூர்வமாகவே தேவைப்படுகிறது. 'நான் நாளை வருவேன்' என்ற வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்று ஆங்கிலம் சாய்வெழுத்தில் காட்டும் இடத்தில், 'நான்தான் நாளை வருவேன்', 'நாளைதான் வருவேன்' என்று நம் மொழி சொல்லிலேயே காட்டிவிடுகிறது. மொழிபெயர்த்து வந்த பக்கங்களில் 'தான்' போட்ட சொல்லுக்கு எம் டேக்கும் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்று போதும்.

திரை வாசிப்பான்கள் ஸ்ட்ராங்கையும் எம்மையும் இயல்பமைப்பில் பொதுவாகத் தனியே அறிவிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எச்சரிக்கை வாசகத்தை ஸ்ட்ராங் டேக்குக்குள் வைத்ததோடு நிறுத்தாமல், 'எச்சரிக்கை' என்ற சொல்லையும் வாசகத்தின் தொடக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: பழைய பக்கத்தில் ஃபான்ட் டேக்கை நீக்கியதும் தமிழே காணாமல் போகிறது

தோற்ற டேக்குகளைக் களையச் சொல்லும் ஆங்கில வழிகாட்டிகள் ஃபான்ட் டேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கச் சொல்கின்றன. தமிழ்ப் பக்கங்களில் அப்படிச் செய்யக்கூடாது. எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் பலவற்றில், தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படவில்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த ஐந்துக்கும் தமிழ் உருவம் கொடுத்தது, 'பாமினி' என்று முகம் குறிப்பிட்ட ஃபான்ட் டேக். அதை எடுத்தால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியல்.

தோற்றத்துக்கென்று பிறந்த டேக், இங்கே 'இந்தப் பகுதி தமிழ்' என்ற பொருளை ஏற்றுக்கொண்டு நிற்கிறது; எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்துக்காட்டும் சான்று அக்கோப்பில் அது ஒன்றே. ஆகையால் அதை முதலில் பயன்படுத்திக்கொண்டு கடைசியில்தான் நீக்க வேண்டும். கோப்பின் நகலை எடுத்து வைத்துவிட்டு, பாமினி முகம் கொண்ட ஃபான்ட் டேக்குகளுக்குள் இருக்கும் உரையை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். வெளியே இருக்கும் மின்னஞ்சல் முகவரிகளும் ஆங்கிலப் பெயர்களும் தொடப்படாமல் இருக்க வேண்டும். முழுக்கோப்பையும் மாற்றும் கருவியில் போட்டுவிட்டு, மின்னஞ்சல் முகவரி தமிழாகி நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

மாற்றும் முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். யூனிகோடில் ககரத்தை அடுத்து ஒரே உயிர்க்குறியாக அது சேர்ந்தாக வேண்டும். கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே பி டேக்கோ, மற்றொரு ஃபான்ட் டேக்கோ தொடங்கியிருந்தால் மாற்றும் கருவி இரண்டையும் சேர்க்காது. ஆகவே அடுத்தடுத்து வரும் ஒரே முகத்து ஃபான்ட் டேக்குகளை முதலில் ஒன்றாக்கி, சொல்லின் நடுவே வரும் டேக்குகளைச் சொல்லின் விளிம்புக்கு நகர்த்திவிட்டு மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் கோப்பின் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 ஆக அறிவித்து, லாங் பண்பில் 'டிஏ' எழுதி, அதன் பிறகு ஃபான்ட் டேக்குகளை நீக்கலாம். லாங் பண்பில் ஆங்கிலக் குறியீடே நின்றுவிட்டால், திரை வாசிப்பான் தமிழ் உரையை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடும். அந்தக் குரல் அதைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும்.

அறிகுறி: சொல்லின் தொடக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தோன்றுகிறது

தலைப்பின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கவோ நிறம் மாற்றவோ ஒரு நிரல் அதை ஸ்பான் டேக்குக்குள் போட்டிருக்கும். 'கொடி' என்ற சொல்லில் நிரலின் கணக்கில் முதல் எழுத்து 'க' மட்டுமே. உயிர்க்குறி ஸ்பானுக்கு வெளியே அநாதையாகி, புள்ளி வட்டத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. கையால் நிறம் மாற்றும்போதும் தொகுப்பான் இப்படி வெட்டுவதுண்டு.

நிரலில்தான் செய்தாக வேண்டுமென்றால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் இன்டல்.செக்மென்டர் என்ற கருவியைக் கொண்டு எழுத்துகளாகப் பிரியுங்கள். 'கொ' ஒரே துண்டாக வரும். ஆனால் 'க்ஷ' இரண்டு துண்டாகத்தான் பிரியும், அதைத் தனியே கையாள வேண்டும். அலங்காரம் மட்டுமே நோக்கமென்றால் ஸ்பானையே விட்டுவிட்டு, சிஎஸ்எஸ்ஸின் ஃபர்ஸ்ட்-லெட்டர் என்ற தேர்வியை முதலில் முயன்று பாருங்கள்.

அறிகுறி: கைபேசியில் பக்கம் பக்கவாட்டில் ஓடுகிறது, படிக்கும் வரிசை குழம்புகிறது

பக்கத்தை மூன்று நெடுவரிசைகளாகப் பிரிக்க, அட்டவணைக்கான டேபிள் டேக் பயன்பட்டிருக்கும். சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும், உலாவிகள் அதை ஒழுங்காகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தின் மிச்சம் இது. திரை வாசிப்பான் அட்டவணையை வரிசை வரிசையாகப் படிப்பதால், பக்கப்பட்டியும் கட்டுரையும் மாறி மாறி வரும்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு தலைப்புப் பெயர் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பேருந்து நேரப்பட்டியலுக்கு முடியும், அது அட்டவணைதான். அதற்குத் தலைப்புக் கட்டங்களுக்கான டிஎச் டேக்கும், அத்தலைப்பு எதற்குரியது என்று சொல்லும் ஸ்கோப் பண்பும், அட்டவணையின் பெயருக்கான கேப்ஷன் டேக்கும் கொடுத்துத் தக்கவைக்க வேண்டும். முடியாவிட்டால் டேபிளைக் களைந்து, சிஎஸ்எஸ்ஸின் கிரிட் என்ற கட்ட அமைப்புக்கு மாற்றுங்கள். உண்மையான அட்டவணையைக் கைபேசிக்காக டிஸ்ப்ளே பண்பில் 'பிளாக்' ஆக்குவதைத் தவிருங்கள். சில உலாவிகளில் அது அட்டவணை என்ற தன்மையையே இழந்துவிடும். ஒரு டிவ்வுக்குள் வைத்து, அந்த டிவ்வைப் பக்கவாட்டில் உருளவிட்டால் போதும்.

சில்லறைப் புகார்கள்

சாதாரணப் பத்தியை 'மேற்கோள்' என்று திரை வாசிப்பான் அறிவித்தால், உள்தள்ளலுக்காக யாரோ பிளாக்கோட் டேக்கைப் போட்டிருக்கிறார்கள். பத்தி பத்தியாகத் தாவ முடியவில்லையென்றால், பத்தி டேக்குக்குப் பதில், வரியை முறிக்கும் பிஆர் டேக்குகள் இரட்டையாக இருக்கும். வரியின் தொடக்கத்தில் கையால் தட்டிய புள்ளிகள் பட்டியலாகா. யூஎல், எல்ஐ டேக்குகள் வேண்டும். அவற்றைப் போட்டும் ஆப்பிளின் திரை வாசிப்பானான வாய்ஸ்ஓவர் பட்டியல் என்று சொல்லவில்லையா? சிஎஸ்எஸ்ஸில் புள்ளிகளை நீக்கியிருப்பீர்கள். சஃபாரி அதைக் கண்டு பட்டியல் என்ற தகுதியை எடுத்துவிடும். ரோல் பண்பில் 'லிஸ்ட்' என்று எழுதுங்கள்.

அறிகுறி: சரிபார்ப்பான் பச்சைக்கொடி காட்டுகிறது, புகார் மட்டும் நிற்கவில்லை

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்பான், ஃபான்ட், சென்டர் போன்ற காலாவதியான டேக்குகளைப் பிடித்துக் காட்டும். வண்ணமடித்த டிவ் ஒரு பொத்தான் வேடம் போடுகிறது என்பதையோ, தலைப்பாக இருக்க வேண்டிய வரி பி டேக்குக்குள் கிடக்கிறது என்பதையோ அதனால் அறிய முடியாது. இலக்கணப்படி இரண்டும் சரியே.

எதிர்த்திசையில் அளவு மீறிப் போவதும் உண்டு. பொருள் டேக்குகள் நல்லவை என்று கேள்விப்பட்டு, எல்லா டிவ்வையும் செக்‌ஷன் ஆக்கிவிடுவார்கள். பெயர் சூட்டப்படாத செக்‌ஷன், திரை வாசிப்பானின் கணக்கில் டிவ்வுக்கு மேல் ஒன்றுமில்லை; பெயர் சூட்டியவை 20 இருந்தால், பகுதி அறிவிப்புகளிலேயே பயனர் சலித்துப் போவார். வெறும் அலங்காரத்துக்கோ அடுக்குக்கோ ஒரு பெட்டி தேவைப்படும்போது டிவ்தான் சரியான டேக்.

மின்னஞ்சலில் அனுப்பும் எச்டிஎம்எல்லுக்கு மட்டும் இந்த விதிகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விண்டோஸுக்கான பழைய அவுட்லுக், வேர்டின் காட்சிப் பொறியைக் கொண்டே மடலைக் காட்டுவதால், அங்கே கிரிட் எடுபடாது. டேபிளை வைத்தே மடலைக் கட்ட வேண்டியிருக்கும். அப்படிக் கட்டும் ஒவ்வொரு டேபிளிலும் ரோல் பண்பில் 'பிரசன்டேஷன்' என்று எழுதிவிட்டால், திரை வாசிப்பான் வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் சொல்லாமல் உரையை மட்டும் படிக்கும்.